ஏ கிரேடு இல்லம்

மாரீஸ்வரியின் மேசைக்கு மேலே அந்தக் கேடயம் தொங்கியது. பித்தளைத் தகட்டில் பெரிதாக 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. அதன் கீழே, பெருந்தொற்றை எதிர்கொள்ள முழுத் தயார்நிலையில் உள்ள முதியோர் இல்லம் என்று மலையாளத்தில் பொறித்திருந்தார்கள். இருபத்திரண்டு பேர் தங்கியிருந்த அந்த இல்லத்தில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அதிலும் ஒருவருக்குக் கண் தெரியாது. பிறகு யார் பார்ப்பதற்காக மாட்டினார்கள் என்று கேட்டால், மாட்டியவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காகத்தான். பிப்ரவரியில் எடுத்துக்கொண்டு போனவர்கள் பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் ஏறினால் அந்த இல்லம் வரும். பஞ்சாயத்து நடத்துவது. இருந்தவர்கள் எல்லாரும் மலையாள நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஓடாய்த் தேய்ந்த தமிழர்கள். தோட்டத்தில் வேலை முடிந்தால் லயம் என்கிற கம்பெனி வரிசை வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பார்கள். ஆகவே, நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியதற்குக் கிடைத்த பரிசாக இந்த இல்லத்தின் இரும்புக் கட்டில். மாரீஸ்வரி அங்கே ஒரே நர்ஸ். ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலை. கூடமாட உதவ லிஜி என்றொரு பெண்.

கேடயம் வந்த கதை டிசம்பரில் ஆரம்பித்தது. எல்லா முதியோர் இல்லங்களையும் ஆய்வு செய்ய வருகிறோம் என்று பிளாக் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம். முப்பத்து நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: உண்டு, இல்லை. நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் நான்கு உண்டா? தனிமை அறை உண்டா? இரவுப் பணிக்குத் தனி நர்ஸ் உண்டா? மாரீஸ்வரி முதலில் நேர்மையாகப் பென்சிலால் குறித்துப் பார்த்தாள். இருபத்தொன்பது 'இல்லை' வந்தது.

அந்த வருஷம் மட்டும் மூன்று கடிதம் போட்டிருந்தாள். சிலிண்டர் வேண்டும், இன்னொரு நர்ஸ் வேண்டும், கையுறையாவது வேண்டும் என்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் வந்தது: இந்த இனத்தில் நிதி இல்லை. கேட்டபோது இல்லாத நிதி, இல்லை என்பதை எண்ணிப் பார்க்க ஜீப்பில் ஆள் அனுப்புவதற்கு மட்டும் எங்கிருந்தோ முளைத்துவிட்டது.

பென்சிலால் குறித்த படிவத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் பூபதிராஜா பார்த்தார். பார்த்ததும் முகம் கறுத்துப் போனது.

"என்ன சிஸ்டர் இது, பூரா இல்ல இல்லன்னு போட்டு வச்சிருக்கீங்க? மார்க் கம்மியான இல்லத்தை மூடப் போறாங்கன்னு மேல பேச்சு. ஆளுங்களை எல்லாம் கொச்சிக்குக் கொண்டு போயிருவாங்க. அப்புறம் நீங்களும் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

அந்தப் பேச்சு எப்படியோ உள்ளே கட்டில் கட்டிலாகப் பரவிவிட்டது. மலையை விட்டு இறங்கியே பழகாத கிழவிகள் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குருவம்மாள் என்ற எழுபது வயதுக்காரி, "என்னைய அங்க கொண்டு போட்டா எந்த மண்ணுல எரிப்பாக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூடப் போகிறார்கள் என்பதற்கு ஒரு காகிதமும் கிடையாது. ஆனால் தோட்டத்து ஆட்களுக்குக் காகிதம் தேவையில்லை. அவர்கள் வாழ்க்கையில் மூடப்பட்டவை எல்லாம் சொல்லாமல்தான் மூடப்பட்டிருந்தன.

பொன்ராஜ்தான் வழி சொன்னார். இல்லத்தில் தங்கியிருந்தவர்களில் அவர் ஒருவரைத்தான் எல்லாரும் இன்னும் 'டிரெசர்' என்று கூப்பிட்டார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் காயத்துக்குக் கட்டுப் போட்டு, ஊசி குத்தி, ஆக்சிஜன் வைத்து, சமயத்தில் டாக்டர் இல்லாமல் பிரசவமும் பார்த்த மனிதர். கம்பெனி ஆஸ்பத்திரியைப் பூட்டிய அன்றுதான் அவர் வேலையும் போனது. இப்போது எழுபத்தொரு வயது. சட்டைப் பையில் ஒரு வெப்பமானி எப்போதும் இருக்கும்.

"விசிட் நாளை மறந்துட்டியா மாரி?" என்றார்.

தோட்டத்தில் பிறந்த யாரும் விசிட் நாளை மறக்க மாட்டார்கள். கம்பெனியின் பெரிய ஆட்கள் காரில் வருகிற நாள். அன்றைக்கு மட்டும் லயத்துச் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் பறக்கும், குழாயில் தண்ணீர் வரும், ஆஸ்பத்திரி அலமாரியில் மருந்துப் புட்டிகள் வரிசைகட்டி நிற்கும். பாதிப் புட்டியில் வெறும் தண்ணீர். நோயாளிகள் மேல் புதுச் சிவப்புக் கம்பளி விரிப்பார்கள். கார் வளைவு திரும்பியதும் கம்பளியை உருவி மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். மாரீஸ்வரிக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு அங்கே கிடந்தபோது அப்படி ஒரு கம்பளி கிடைத்தது. கொஞ்சம் சூடு ஏறுவதற்குள் போயும் விட்டது. உருவியது பொன்ராஜ்தான். அதைச் சொல்லி அவள் அவரைக் கேலி செய்வதுண்டு. "குளிர் காய்ச்சல்ல கிடந்த பிள்ளை கம்பளியத் திருடுன ஆளுதானே நீங்க" என்பாள். அவர் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பார்.

"மறக்கல அண்ணே. ஆனா இது ஆக்சிஜன். தண்ணியை ஊத்தி வைக்க முடியாது."

"பழைய ஆஸ்பத்திரியில மூணு காலி சிலிண்டர் துருப்பிடிச்சுக் கெடக்கு. உடம்புக்குக் கறுப்பு, கழுத்துக்கு வெள்ளை. அடிச்சு நிறுத்திட்டா புதுசு மாதிரி நிக்கும். விசிட் வர்றவுக வால்வைத் திறந்து பாத்ததா சரித்திரமே கிடையாது தாயி. பளபளன்னு இருந்தா போட்டோ எடுப்பாக, டீ குடிப்பாக, போயிருவாக."

அவரே உட்கார்ந்து பெயின்ட் அடித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய ஆறு மேசைகள் விரிப்புக்கு அடியில் கட்டிலாயின. சாமான் போடும் அறை 'தனிமை அறை' ஆனது. பூபதிராஜா எங்கிருந்தோ நாலு சிவப்புக் கம்பளி கொண்டுவந்தார். ஆய்வு முடிந்ததும் மடித்து அலமாரியில் வைக்கச் சொன்னார். முப்பத்து நான்காவது கேள்வி, 'ஆக்சிஜன் கையாளத் தெரிந்தவர் உண்டா, பெயர் என்ன?' என்பது. மாரீஸ்வரி அங்கே பொன்ராஜ் என்று எழுதினாள். அவர் ஊழியர் இல்லை, தங்கியிருப்பவர் என்பதை எழுதவில்லை. ஆனாலும் அந்த 'உண்டு' பொய் இல்லை.

ஜனவரியில் ஆய்வுக்கு வந்தவர் ஜின்சி என்ற அதிகாரி, பிளாக்கில் முதியோர் இல்லங்களுக்குப் பொறுப்பு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் ஐந்து இல்லம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் எந்த மனுஷிதான் வால்வைத் திறப்பாள்? பதினேழு நிமிஷம் இருந்தார். போட்டோ எடுத்தார், டீ குடித்தார், போய்விட்டார். முப்பத்து நான்குக்கு முப்பத்து நான்கு. பிப்ரவரியில் விழா வைத்துக் கேடயம் கொடுத்தார்கள். பூபதிராஜா மாலையோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்.

மார்ச்சில் நிதிப் பட்டியல் வந்தது. அதை வாசித்த மாரீஸ்வரி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்த இல்லத்தையும் மூடப் போவதில்லை. மார்க் குறைந்த சி கிரேடு இல்லங்களுக்கு ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரங்கள், கூடுதல் நர்ஸ், மருந்து. ஏ கிரேடு இல்லத்துக்கு நேராக ஒரே வாசகம்: முழுத் தயார்நிலையில் இருப்பதால் உதவி தேவையில்லை.

"நம்ம கையாலேயே நம்ம வாயில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோமே அண்ணே" என்றாள்.

"விசிட்டுன்னா பயப்படணும்னுதான் நமக்குத் தெரியும். கேட்டு வாங்குறதுக்கு வர்ற விசிட்டும் உண்டுன்னு எவன் நமக்குச் சொன்னான்?" என்றார் பொன்ராஜ்.

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. ஆறு பேர் சமாளித்தார்கள். குருவம்மாளுக்கும் பொன்ராஜுக்கும் விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் அளவு எண்பத்தெட்டு, எண்பத்தாறு. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மாரீஸ்வரி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். இல்லத்தின் பெயரைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"ஏ கிரேடாச்சே சிஸ்டர். நாலு சிலிண்டர், ஆறு பெட் இருக்குன்னு காட்டுது. அங்கேயே வச்சுப் பாருங்க. படுக்கை கொஞ்சம்தான் இருக்கு, ஒண்ணும் இல்லாத இல்லத்துக்குத்தான் முதல்ல."

கேஸ் பயத்தில், படிவம் பொய் என்று அவள் சொல்லவில்லை. உண்மையில் இருந்தது ஆள் உயரத்தில் ஒரே ஒரு சிலிண்டர். அதிலும் முக்கால்தான். பொன்ராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே முள்ளைப் பார்த்துக் கணக்குச் சொன்னார்: "நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர்ல வைக்காத மாரி. ரெண்டுல வை. எனக்கு ஒரு மணி நேரம், குருவம்மாளுக்கு ஒரு மணி நேரம். அப்படி ஓட்டினா செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் தாங்கும்." தன் உயிரையே பங்கு போட்டுக் கணக்குச் சொல்லும் நிலைமைக்கு ஒரு மனிதரைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் அதையும் ஏதோ வார்டு வேலை மாதிரி சொன்னார்.

திங்கட்கிழமை காலை பூபதிராஜா போன் செய்தார். தினமும் பதினொரு மணிக்குப் பிளாக்கில் உள்ள பதினான்கு இல்லங்களின் நர்சுகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும் அதிகாரிகளும் போனில் முகம் பார்த்துப் பேசும் கூட்டம் நடக்கும். அதற்கு முன்பே அவளைப் பிடித்துவிட்டார்.

"உளறி வச்சிராதீங்க சிஸ்டர். படிவத்துல கையெழுத்து உங்களோடது. பொய் சொன்னதுக்குக் கேஸ் வந்தா உங்க மேலதான் வரும். உங்க பொண்ணு நர்சிங் படிக்குது இல்லையா? யோசிச்சுக்கோங்க."

அவள் யோசித்தாள். அந்த யோசனைக்குத்தான் பின்னால் அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. கூட்டத்தில் ஜின்சி அவள் இல்லத்தின் பெயரைச் சொன்னதும், "மேடம், ஒரு சிலிண்டர் கூடுதலா அனுப்பினா நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னாள். தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"சிஸ்டரே, உங்களுக்கு நாலு உண்டல்லோ. ஏ கிரேடுக்காரங்களே இப்படிப் பயந்தா எப்படி? அடுத்த இல்லம்" என்றார் ஜின்சி.

மாரீஸ்வரி போனை வைத்துவிட்டுச் சிலிண்டர் முள்ளைப் பார்க்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பொன்ராஜ் சொன்ன கணக்கு ஒரு மணி நேரம்கூடத் தப்பவில்லை. மாரீஸ்வரி திரும்பவும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள், திரும்பவும் அதே பதில். தெரிந்த ஜீப்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கும் நோயாளி என்றதும் ஒருவர் வண்டி பழுது என்றார், இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. பத்து மணிக்குப் பொன்ராஜின் அளவு எழுபது. உதடு நீலம் பாரித்துவிட்டது. உடம்பு குளிரில் உதறியது.

அவள் அலமாரியைத் திறந்தாள். ஜனவரியிலிருந்து மடிப்புக் கலையாமல் இருந்த சிவப்புக் கம்பளியை எடுத்து அவர் மேல் விரித்தாள். அவர் கண்ணைத் திறந்து, விரலால் கம்பளியைத் தடவிப் பார்த்தார்.

"விசிட் வருதா?"

"யாரும் வரல அண்ணே. உங்களுக்குத்தான்."

"அப்ப உருவிர மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பத்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. அவர் கட்டிலுக்கு மூன்றடி தள்ளி, அவர் கையால் கறுப்பும் வெள்ளையும் அடித்த மூன்று சிலிண்டர்கள் பளபளவென்று நின்றுகொண்டிருந்தன. ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன செய்ய முடியும்?

மாரீஸ்வரி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள். பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பட்டியலில் ஜின்சி அவள் இல்லத்தின் பெயருக்கு வந்து, "ஏ கிரேடு, பிரச்சினை இல்லை, அடுத்தது" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்தாள்.

"பிரச்சினை இருக்கு மேடம். நல்லாப் பாருங்க."

போனைத் திருப்பிச் சிலிண்டரைக் காட்டினாள். வால்வைத் திருகித் திறந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. கத்தரிக்கோலால் பெயின்டைச் சுரண்டினாள். உள்ளேயிருந்து துரு உதிர்ந்தது.

"நீங்க ஜனவரியில போட்டோ எடுத்த ஆக்சிஜன் இதுதான். படிவத்துல இருபத்தொன்பது பொய். எல்லாம் என் கையெழுத்து. என் மேல கேஸ் போடுங்க. ஆனா மூணு லெட்டர் போட்டேன் மேடம், உண்மையைத்தான் எழுதினேன். அதுக்கு நீங்க ஒண்ணும் தரல. பொய்யை எழுதினேன், கேடயம் தந்தீங்க."

"அவங்களை மியூட் பண்ணுங்க" என்று பூபதிராஜாவின் குரல் கேட்டது. மியூட் செய்தார்கள். அவள் திறந்தாள். மறுபடி செய்தார்கள். மறுபடி திறந்தாள். மூன்றாவது தடவை திறந்தபோது போனைச் சிவப்புக் கம்பளிப் பக்கம் திருப்பி, பொன்ராஜின் முகத்தைக் காட்டி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் மியூட் செய்யவில்லை. பிறகு வேறொரு இல்லத்தின் நர்ஸ் மெதுவாகத் தன் ஒலியைத் திறந்து, "மேடம், நாங்களும் ஏ கிரேடுதான். எங்க சிலிண்டரும் காலிதான்" என்றாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்கப்புறம் இன்னும் ஒருத்தி. அந்தப் பிளாக்கில் ஏ கிரேடு வாங்கிய இல்லம் ஐந்து. நான்கு இல்லங்கள் அன்றைக்கு வாயைத் திறந்தன.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது. அதில் நான்கு ஆக்சிஜன் இயந்திரங்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். சி கிரேடு இல்லங்களுக்கென்று வந்தவைதான். விநியோக விழாவுக்குப் பெரியவர்கள் தேதி கொடுக்காததால் இரண்டு மாதமாக ஸ்டோரில் உட்கார்ந்திருந்தனவாம். டிரைவர்தான் சொன்னார். ஸ்டோர் எவ்வளவு தூரம் என்று மாரீஸ்வரி கேட்டாள். நாற்பது நிமிஷம் என்றார். பொன்ராஜுக்கும் மூச்சுக்கும் நடுவே இருந்தது நாற்பது நிமிஷ ரோடு.

கவச உடைக்குள் வேர்த்து வடிய ஜின்சி இறங்கினார். கையில் இரண்டு காகிதம். ஒன்று, பொய்த் தகவல் தந்ததற்காக ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று மாரீஸ்வரிக்கு நோட்டீஸ். இன்னொன்று, பழைய அதே படிவம். அதே முப்பத்து நான்கு கேள்விகள்.

"சிஸ்டரே, ஏ கிரேடுக்கு மெஷின் தர சட்டத்துல இடம் இல்லை. புதுசா படிவம் தந்து சி ஆக்கினாத்தான் இறக்க முடியும்" என்றார். சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை.

"உள்ள குருவம்மாளுக்கு எண்பத்தொண்ணு மேடம். முதல்ல மெஷின் இறங்கட்டும். படிவம் எங்கேயும் செத்துப் போகாது."

ஜின்சி தடுக்கவில்லை. லிஜியும் டிரைவரும் ஏற்கெனவே முதல் பெட்டியைத் தூக்கியிருந்தார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கி, குருவம்மாளின் அளவு எண்பத்தொன்பதுக்கு ஏறிய பிறகே மாரீஸ்வரி வெளியே வந்தாள். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து நோட்டீசுக்குக் கையெழுத்துப் போட்டாள். பிறகு படிவத்தை எடுத்தாள். டிசம்பரில் பென்சிலால் குறித்தபடியே, இல்லை, இல்லை, இல்லை என்று கீழே வரைக்கும் குறித்துக்கொண்டே போனாள்.

முப்பத்து நான்காவது கேள்விக்கு வந்ததும் நின்றாள். ஆக்சிஜன் கையாளத் தெரிந்தவர் உண்டா, பெயர் என்ன? இரண்டு கட்டத்திலும் அவள் குறிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: பொன்ராஜ். மே பதினொன்று, காலை பத்தே முக்கால் வரை.

ஜின்சி வாங்கிப் படித்தார். அந்த வரியை மறுபடியும் படித்தார். ஆனாலும் உத்தியோகம் விடவில்லை. "இங்க உண்டு, இல்லைன்னு மட்டும்தான் எழுதணும் சிஸ்டரே. இப்படி எழுதினா கம்ப்யூட்டர் எடுக்காது."

"எடுக்கட்டும் மேடம். இருபத்தொன்பது பொய்யை முனகாம எடுத்துச்சு இல்ல, ஒரு உண்மையை எடுக்கட்டும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குருவம்மாளின் அளவைப் பார்க்க மாரீஸ்வரி உள்ளே போனாள். போகிற வழியில் பொன்ராஜின் கட்டிலருகே, கம்பளியைத் திரும்ப எடுத்து வைக்கவா என்று லிஜி கேட்டாள். வேண்டாம், அவரோடு அதுவும் போகட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.